ரம்பம் வந்த பிறகு வழக்குப் போட்டு என்ன பயன்?

காட்டோரம் ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் நம் வாட்ஸப் குழுக்கள் விழித்துக்கொள்கின்றன. மரம் வெட்ட அனுமதி கேட்கும் கோப்பு அதற்கு எத்தனையோ மாதம் முன்பே மேசை மேசையாக நகர்ந்து முடிந்திருக்கும்.

மும்பை நகருக்குள் இருக்கும் ஆரே பசுமைப் பகுதி ஞாபகம் இருக்கும். 2019 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் கீழே கிடந்தன. வெட்ட அனுமதி இருந்ததே 2,185 மரங்களுக்குத்தான். 2025இல் ஹைதராபாத் காஞ்சா கச்சிபவுலியிலும் அதே கதை. மரங்கள் அடர்ந்த 400 ஏக்கரில் சுமார் 100 ஏக்கர், உகாதியும் ரம்ஜானும் சேர்ந்து வந்த தொடர் விடுமுறையில் அழிந்தது. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடுத்தது; விடுமுறையில் ஏன் இத்தனை அவசரம் என்றும் கேட்டது. நீதிமன்றம் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து ரம்பம் ஓடுவதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்துக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. நீலகிரி கூடலூர்ப் பக்கம் நடந்த மரவெட்டை எதிர்த்து, கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவுக்கே பொருந்தும் ஆணை வந்தது: அரசுப் பதிவேட்டில் காடு என்று இருந்தால், உடைமை யாருடையதானாலும் அது காடு, பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அதுவும் காடு. வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தம் இதைச் சுருக்கியது. ஆனால் மாநிலங்கள் தங்கள் காடுகளின் பட்டியலை முடிக்கும்வரை 1996 விளக்கமே செல்லும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை போட்டது. ஆகவே "இது புறம்போக்குதானே, காடு இல்லையே" என்று அதிகாரி சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் தர மத்திய அரசு முதலில் கொள்கையளவில் ஒப்புதல் தரும். நிபந்தனைகள் நிறைவேறிய பின் இறுதி ஒப்புதல். அதற்கும் பிறகு மாநில அரசு ஆணை போடும். வனப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2ஏ-வின்படி, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய உரியது இந்தக் கடைசி ஆணைதான். மத்திய அரசின் முதல் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் "இன்னும் காலம் வரவில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு. சாலை, மின்பாதை, குழாய் போல நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கோ, முதல்கட்ட ஒப்புதலோடு பணத்தைக் கட்டிவிட்டால் மரம் வெட்டவே அனுமதி கிடைத்துவிடுகிறது. இறுதி ஆணை வரும்போது அங்கே அடிக்கட்டைதான் மிஞ்சியிருக்கும். இந்த வகைத் திட்டங்களில் மரம் வெட்ட அனுமதிக்கும் அந்த இடைக்கால ஆணையையே கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91ஆம் நாள் போனால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. இதில் இன்னொரு கூத்து: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தரவும் 30 நாள் அவகாசம். ஆணை வந்த பிறகு அதன் நகலுக்கு மனுப் போட்டால், பதில் வரும் நாளில் உங்கள் கெடு முடிந்திருக்கும். அதனால் 10 ரூபாய் மனுவைத் திட்டம் விண்ணப்பமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஆணையை இணையத்தில் எந்த நாளில் முதலில் பார்த்தீர்களோ, தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தாமத மன்னிப்பு மனுவில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

விண்ணப்பம் எங்கே இருக்கும்? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். மாநிலம், திட்ட வகை போட்டுத் தேடலாம். விண்ணப்பதாரர் நிரப்பிய பகுதி 1-ஐப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது பெரும்பாலும் விளம்பரம். பகுதி 2 மாவட்ட வன அலுவலர் நிரப்புவது, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இன வாரியாக மர எண்ணிக்கை, காட்டின் அடர்த்தி, யானை வழித்தடமா, அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டார்களா, அலுவலரின் பரிந்துரை என்ன, எல்லாம் அதில் வரும். கூடவே திட்ட நிலத்தின் எல்லையை வரைபடத்தில் காட்டும் கேஎம்எல் கோப்பும் இருக்கும். அதை கூகுள் எர்த்தில் திறந்து பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். "புதர் மண்டிய நிலம்" என்று காகிதத்தில் இருக்கும் இடம் படத்தில் கரும்பச்சையாகத் தெரிந்தால், உங்கள் முதல் ஆதாரம் கையில் வந்துவிட்டது.

மர எண்ணிக்கையையும் சரிபார்க்கலாம். 50 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டினால் 0.1 ஹெக்டேர். உள்ளே உள்ள மரங்களைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு அளந்து எழுதி வையுங்கள்; மர எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு வரும். ஒரே இடத்தில் அளந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஊதித் தள்ளிவிடுவார். நாலைந்து இடமாவது வேண்டும். ஹெக்டேருக்கு 400 என்று உங்களுக்கு வந்து, அவர்கள் கணக்கில் 80 என்று இருந்தால், எந்தச் சுற்றளவுக்குக் கீழே எண்ணாமல் விட்டார்கள் என்று கேளுங்கள். ஒன்று மட்டும்: இதைப் புறம்போக்கிலோ பொதுவழியை ஒட்டியோ செய்யுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கயிறும் கையுமாகப் போனால் வழக்கு உங்கள் மேலேயே பாயும்.

தமிழ்நாட்டுக்கான தீர்ப்பாய அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம், ஆனால் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும். பலருக்கு உண்மையான செலவு அதுதான். இடைக்காலத் தடை மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்தே போடுங்கள். "பிறகு போடலாம்" என்று விட்டால் நோட்டீஸ் போய் வருவதற்குள் லோடு ஏறிவிடும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் இல்லை. கிராம சபையைக் கேட்கவில்லை என்பது மட்டுமே உங்கள் குறை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் மரம் போய்விடலாம் என்பதுதான் என் கோபம். ஆணை வந்த மறுநாளே வெட்டக் கூடாது என்று வனப் பாதுகாப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்துவிட்டு, அந்த 30 நாளும் ரம்பத்துக்கு வேலை இருக்கலாம் என்றால் அது என்ன உரிமை? ஆணை முழுமையாக, தமிழில், இணையத்திலும் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையிலும் வெளியான நாளிலிருந்து 30 நாள் ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று விதி வேண்டும். திட்டம் தாமதமாகும், செலவு ஏறும் என்பார்கள். மாதக்கணக்கில் கோப்பு நகர்த்தப் பொறுமை இருந்தவர்களுக்கு இந்த ஒரு மாதம் மட்டும் ஏன் கசக்கிறது? மத்திய அரசின் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும், மாநில அரசே தன் ஆணைகளில் நிபந்தனையாகவும் எழுதலாம். உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் மனுக் கொடுக்கும்போது "காட்டைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், இந்த ஒரு வரியைக் கேளுங்கள்.