கடை கேட்டவர்கள் கடை வைக்கும்போது

திருநங்கைகளுக்குள் 'கடை கேட்பது' என்று ஒரு வழக்கு உண்டு. கடை கடையாக ஏறிக் கைதட்டிக் காசு வாங்குவதற்கு அதுதான் பெயர். போன வருஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன அறையில் 14 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கடை கேட்டுப் பிழைத்தவர்கள். இப்போது கடை வைக்கப் பழக வந்திருந்தார்கள். கணக்கு எழுதுவதுதான் என் தொழில் என்பதால் ஒரு தோழி கூப்பிட்டாள், போனேன்.

முறுக்கு போடுகிற ஒரு அக்கா. கிலோ 160 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், கேஸ், கவர் என்று ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதிக் கூட்டினோம். 145 வந்தது. "உங்க கூலியைப் போடலையேக்கா" என்றேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூலி போட்டா விலை ஏறும்மா. விலை ஏறினா எங்கிட்ட எதுக்கு வாங்கணும்? பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா போடறாங்களே."

அன்றைக்கு நான் வைத்திருந்த பாடம் அதோடு நின்றுபோனது. விலை நிர்ணயம் எப்படி என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவருக்கு அது நன்றாகவே தெரியும். தன் கையால் செய்ததை ஜனங்கள் வாங்க வேண்டும் என்பதற்காக அவர் தானாகவே ஒரு தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தள்ளுபடி அவருடைய உழைப்பு முழுவதும். அவர் சரக்கை எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடைக்காரர் போட்ட ஒரே நிபந்தனை, பாக்கெட்டில் அக்காவின் பேரோ போன் நம்பரோ இருக்கக் கூடாது என்பது.

இதனால்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி கொடுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பெரும்பாலான பயிற்சிகள் ஆளைத் தயார் செய்கின்றன, சந்தையைத் தயார் செய்வதில்லை. 30 நாள் தையல், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. அதற்குப் பிறகு அந்தத் தையல் மெஷினில் யார் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள்? அளவெடுக்க யார் உள்ளே விடுவார்கள்? அந்த வகுப்பிலேயே இரண்டு பேர் வீட்டில் மெஷின் துணி மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் நன்றாகத் தைப்பவர்கள்.

நம் மாநிலம் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. சுயதொழில் தொடங்க 50,000 ரூபாய் மானியம் இருக்கிறது, டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் மானியம் வாங்கிய கையோடு கடை பார்க்கப் போனால், அட்வான்ஸ் திடீரென்று இரண்டு மடங்காகிறது. இல்லாவிட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அக்கம்பக்கத்துல ஏதாவது சொல்லுவாங்க." கொச்சி மெட்ரோ 2017இல் 20 திருநங்கைகளுக்கும் மேல் வேலைக்கு எடுத்ததை நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே 8 பேர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை. தங்க யாரும் வீடு தரவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கே இந்தக் கதி என்றால், நாலு பக்கமும் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவரை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மந்தித்தோப்பு. 2020இல் அங்கே திருநங்கைகளே உறுப்பினர்களாக ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். திருநங்கைகளின் உரிமைக்காகப் போராடுகிற கிரேஸ் பானு போன்றவர்கள் விடாமல் நின்றார்கள், அப்போதைய கலெக்டர் சந்தீப் நந்தூரி கைகொடுத்தார். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பேரே சந்தீப் நகர். முதலில் வீடு, பிறகு கடனில் மாடு, மாட்டுக்குக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் மேல், கறக்கிற பால் ஆவினுக்குப் போகிற ஏற்பாடு. மாடு வரும்போதே பாலை வாங்க ஆள் இருக்கிறது. பால் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக பாலில் உள்ள மற்றத் திடச் சத்து) எவ்வளவு என்று பார்த்துத்தான் லிட்டருக்கு விலை. கறந்த கை யாருடையது என்பதற்கு அந்த அளவையில் இடமே இல்லை. என் அக்காவின் முறுக்குக்கு அப்படி ஓர் அளவை இல்லாமல் போயிற்று.

அதனால் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, வாங்குகிறவரை முதலில் பிடியுங்கள் என்பதுதான். ஒரு கல்லூரி கேன்டீன், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கம்பெனி, யாரோ ஒருவர் ஆறு மாதத்துக்கு ஆர்டர் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் வகுப்பை ஆரம்பியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிகள் எதிலும் திருநம்பிகளை, அதாவது பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களை, பார்ப்பதே அபூர்வம். பெண்ணைக் காதலித்ததற்காக வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள் கண்ணிலேயே படுவதில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அப்படி ஓடிவருகிற பெண்ணின் மார்க்‌ஷீட்டும் ஆதாரும் அப்பாவின் பீரோவில் இருக்கும். நல வாரிய அட்டை அவளுக்குக் கிடையாது. வங்கிக் கணக்கு தொடங்குவதே மலை. அவளுக்கு எந்தத் திட்டத்தில் இடம்? பயிற்சியின் முதல் வாரம் முழுவதையும் இந்தக் காகிதங்களுக்கே ஒதுக்கினாலும் தப்பில்லை என்பேன்.

போன மாதம் அந்த அக்கா போன் பண்ணினார். விலையை 220 ஆக்கிவிட்டாராம். "ரெண்டு வீட்டுல நிறுத்திட்டாங்க. ஒம்போது வீட்டுல வாங்கறாங்க. கூலியைத் தனி டப்பாவுல போட்டு வைக்கிறேன்." பாக்கெட்டில் இப்போது அவர் பேர் இருக்கிறது. பழைய மளிகைக் கடை எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு கடைக்காரர் வாரம் ஐந்து கிலோ எடுக்கிறார்.

தீபாவளிக்கு 40 கிலோ வரை போட முடியுமாம். முள்ளு முறுக்கும் கை முறுக்கும். வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.