அம்மம்மா ஒண்டும் அரசாங்கத் திட்டமில்லை

பிள்ளைக்கு எட்டு மாதம் முடியுது. நான் வேலைக்குத் திரும்பி அஞ்சு மாதம். இந்த அஞ்சு மாதத்தில ஆக்கள் என்னட்டக் கேட்டதுகளை எழுதி வைச்சிருந்தா ஒரு சீ.ஆர். கொப்பி நிரம்பியிருக்கும். ஆனா எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விதான்: "அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது?" திருநெல்வேலிச் சந்தையில கீரை விக்கிற அக்காவும் கேக்கிறா, கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்தில இருந்தவவும் கேக்கிறா, என்னோட கம்பஸில படிச்சவளும் கேக்கிறாள். இவரிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. பிள்ளை பிறந்து நாலாம் நாள் இவர் வேலைக்குப் போனவர். அரசாங்க உத்தியோகம், தகப்பனுக்கு மூண்டு நாள் லீவு. அந்த மூண்டு நாளும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா மோட்டச்சைக்கிள் ஓடினதிலயே முடிஞ்சுது. தனியாரில எண்டா அந்த மூண்டு நாளும் சட்டத்தில இல்லை.

என்ர மறுமொழி எப்பவும் ஒண்டுதான்: "அம்மா பாக்கிறா." கேட்டவையின்ர முகம் உடன தெளிஞ்சிடும். "ஆ, அப்ப பிரச்சினையில்லை" எண்டுவினம். அந்தப் "பிரச்சினையில்லை"யைப் பற்றித்தான் இதை எழுதுறன்.

முதலில லீவு நாள் கணக்கைப் பாப்பம். நான் யாழ்ப்பாண ரவுனில ஒரு தனியார் கந்தோரில கணக்குப் பகுதி. எங்களுக்குச் சட்டப்படி பிரசவ லீவு 84 நாள்: பிள்ளை பிறக்க முன்னம் 14, பிறந்த பிறகு 70. வார விடுமுறை, பூரணைப் போயா, அரச விடுமுறை இதுக்குள்ள சேராது, அதால கொஞ்சம் இழுபடும். (முந்தி மூண்டாவது பிள்ளையெண்டா 42 நாள்தான். 2018 இல திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கினவை. நல்லதைச் சொல்லத்தான் வேணும்.) நான் திரும்பிப் போகேக்க மகளுக்கு மூண்டு மாதமும் சொச்ச நாளும். தலை அப்பதான் நிண்டது.

எங்கட பகுதி மிட்வைப் மிஸ் முதல் பத்து நாளுக்குள்ளயே ரெண்டு தரம் வீட்ட வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னது வேற. ஆறு மாதம் முடியுமட்டும் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணியும் தேவையில்லை. அவ சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனம் 2001 இலயே முழு ஆறு மாதம் எண்டு சொல்லிட்டுது. எங்கட நாடும் இதில நல்லாத்தான் நிக்குது: 2016 கணக்கெடுப்பில ஆறு மாதத்துக்குக் குறைஞ்ச பிள்ளையளில 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிச்சிருக்கு. பெருமைதான். ஆனா சுகாதாரப் பகுதி ஆறு மாதம் எண்டுது, தொழில் சட்டம் அதுக்குப் பாதியிலயே வேலைக்கு வா எண்டுது. ரெண்டும் ஒரே அரசாங்கம். இடையில மிஞ்சுற மாதங்களை ஆர் நிரப்புறது எண்டு ரெண்டு பக்கத்திலயும் எழுதேல்ல. எழுதி என்னத்துக்கு, அம்மம்மா இருக்கிறா தானே.

மச்சாள் ரீச்சர். அவவுக்கு முழுச் சம்பளத்தோட 84 நாள், பிறகு அரைச் சம்பளத்தில 84, அதுக்குப் பிறகு சம்பளமில்லாம இன்னொரு 84 எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில பெட்டையளுக்குக் கவர்மென்ற் வேலை, கவர்மென்ற் வேலை எண்டு ஏன் சாகினம் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. போன மாதம் மகளுக்குப் பல்லு முளைச்சதுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டேக்க முன்னால பரப்பி வைச்ச சாமானுக்குள்ள அவள் பேனையைத் தூக்கினாள். மாமி உடன "கச்சேரி உத்தியோகம்" எண்டு தீர்ப்புச் சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சம். எனக்கு உள்ளுக்குள்ள, மாமி சொல்லுறதில பிழையில்லை எண்டுதான் பட்டுது. ஆனா மச்சாளும் அரைச் சம்பள லீவில ஒரு மாதத்துக்கு மேல நிக்கேல்ல. சம்பளம் பாதியானதுக்காக வங்கிக்காரன் லோன் காசைப் பாதியா எடுக்கிறானே?

வேலைக்குப் போக முன்னம் நான் எடுத்த முடிவு, பால்மா பழக்கிறேல்ல, என்ர பாலையே எடுத்து வைக்கிறது. வாசிக்க லேசா இருந்துது. எடுத்த பால் அறை வெப்பத்தில நாலு மணித்தியாலம், பிரிட்ஜில நாலு நாள். பிறகு பாத்தா அந்த அறை வெப்பம் எண்டது 25 பாகையாம். சித்திரை வெயிலுக்கை 25 பாகையில அறை ஆற்ற வீட்டில இருக்கு?

கந்தோரில எனக்குக் கிடைச்ச இடம் ஸ்ரோர் றூம். பழைய லெஜர் கட்டுகள், கால் உடைஞ்ச கதிரை ரெண்டு, ஏ4 கடுதாசிப் பெட்டியள். பெட்டிக்கு மேலதான் இருக்கிறது. உள்பக்கம் கொண்டி இல்லை. என்னோட வேலை செய்யிற தங்கச்சி ஒருத்தி வெளியில ஃபைலை விரிச்சு வைச்சுக்கொண்டு காவல் நிப்பாள். ஃபான் இல்லை. கைப்பம்பை அமத்த அமத்தக் கீச், கீச் எண்டு ஒரு சத்தம். அது வெளியில கேக்குமோ எண்டு முதல் கிழமை முழுக்கப் பயம். வேர்வையில பிளவுஸ் முதுகு ஒட்டிப்போகும். இருபது நிமிசத்தில வாறது 60 மில்லி. போனில பிள்ளையின்ர படத்தைப் பாத்துக்கொண்டு எடுத்தா 80. போத்தலில பேர் ஒட்டி, கறுப்புப் பையில சுத்தி, கந்தோர் பிரிட்ஜில வைச்சன். அது என்னெண்டு தெரிஞ்ச நாள் தொடக்கம் எங்கட பெடியள் ரெண்டு கிழமை அந்தப் பிரிட்ஜைத் தொடேல்ல. குளிர் தண்ணிக்கு முன்கடைக்குப் போனவை, பாவங்கள்.

2022 பொருளாதார நெருக்கடிக்குள்ள பிள்ளை பெத்த சிநேகிதியோட பாத்தா நான் குடுத்து வைச்சனான். அந்தப் பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அவள் சேத்து வைச்ச பாலையெல்லாம் கிணத்தடி வாழைக்கு ஊத்தினவள். பால்மா வாங்குவம் எண்டா அதுக்கும் வரிசை.

பிறகுதான் ஆரோ சொல்லிச் சட்டத்தைத் தேடி வாசிச்சன். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில இப்ப இப்பிடி ஒரு பிரிவு இருக்கு: ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருக்கிற தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள்ள பால் குடுக்க ரெண்டு இடைவேளை. வேலைத்தலத்தில பிள்ளையை வைச்சுப் பாக்கிற இடம் இருந்தா அரை மணித்தியாலப்படி, இல்லாட்டி ஒரு மணித்தியாலப்படி. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மனேஜரிட்டப் போனன். நல்ல மனிசன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சிட்டு, "பிள்ளை, நான் இஞ்ச இருபது வருசம். இதை ஒருத்தரும் வந்து கேட்டதில்லை" எண்டார்.

ஏன் கேக்கேல்ல எண்டு எனக்குத் தெரியும். அம்மம்மா இருந்தவைக்குக் கேக்க வேண்டி வரேல்ல. அம்மம்மா இல்லாதவை வேலையை விட்டிட்டினம்.

மத்தியானத்தில ஒரு மணித்தியாலம் கூடத் தந்தார். மற்ற இடைவேளையைப் பற்றி அவரும் கதைக்கேல்ல, நானும் கதைக்கேல்ல. ஸ்கூட்டியில கொக்குவிலுக்கு ஓடிப்போய்ப் பாலைக் குடுத்திட்டு, நிண்ட நிலையில ரெண்டு வாய் சோறு போட்டிட்டு ஓடி வருவன்.

அப்பிடி ஒரு நாள் மத்தியானம் போய் வாசலில நிண்டு பாத்தன். அம்மா குசினி வாசலில கீழ இருக்கிறா. முழங்கால் மடக்க ஏலாது, அதால ஒரு கால் நீட்டினபடி. நீட்டின கால் பெருவிரலில ஏணைக் கயிறு. காலால ஏணையை ஆட்டிக்கொண்டு கையால முருங்கையிலை ஆயிறா. எனக்கு. பால் ஊறவாம். முழங்காலில பூசின சித்தாலேபத் தைல மணம் வாசல் வரைக்கும் வருது. அம்மாவுக்கு 64 வயசு. முப்பது வருசம் படிப்பிச்சுப் பென்சன் எடுத்த மனிசி. காலமை எட்டு மணிக்கு நான் வெளிக்கிடேக்க இடுப்பில பிள்ளை, பின்னேரம் ஆறு மணிக்கு வரேக்கயும் இடுப்பில பிள்ளை.

எங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை வராமலும் இல்லை. அம்மாவுக்குக் கோரோசனை உரைச்சுக் குடுக்க வேணும், கிரைப் வோட்டர் வேணும். நான் ரெண்டும் வேண்டாம் எண்டுவன். ஆறு மாதம் முடிஞ்சு சோறு தீத்தத் தொடங்கினா, மிட்வைப் மிஸ் முட்டை, மீன் எல்லாம் மெல்ல மெல்லப் பழக்கச் சொல்லுறா, அம்மா கத்தரிக்காயைக் கண்டாலே கிரந்தி எண்டுறா. ஒரு நாள் வேலையால வந்து பிள்ளையைத் தூக்கினா வாயில கோரோசனை மணம். கொதியில ஏசிப்போட்டன். அம்மா ஒண்டும் சொல்லாம உள்ள போய்க் காய்ஞ்ச உடுப்பு மடிச்சா. அண்டு இரவு எனக்கு நித்திரையில்லை. சம்பளம் குடுத்து வைச்ச ஆளெண்டா "இப்பிடிச் செய்யாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். ஒரு சதம் வாங்காமல் நாரி முறிய நிக்கிறவவிட்ட எதைச் சொல்லுறது, எதை விடுறது? அதோட, அம்மாவுக்கு விருப்பமில்லாட்டி "நாளைக்கு நான் வரமாட்டன்" எண்டு நிக்கவும் வழியில்லை. அதுதான் எனக்குக் கூடக் குத்தினது.

ஸ்ரோர் றூம் வெக்கையைப் பற்றி நான் புறுபுறுத்தா அம்மாவிட்ட ஒரு மறுமொழி இருக்கு. "உன்னை 95 இடப்பெயர்வில ரெண்டு வயசில நாவற்குழிப் பாலத்தால தூக்கிக்கொண்டு மழைக்குள்ள நடந்தனான்." எங்கட சனத்தில எந்த வாக்குவாதமும் கடைசியில இந்தப் பாலத்திலதான் போய் முடியும். அதுக்கு மேல நான் என்னத்தைக் கதைக்கிறது? ஆனா ஒண்டு சொல்லுவன். அம்மா அண்டைக்கு நடந்தவ எண்டதுக்காக நானும் கடுதாசிப் பெட்டிக்கு மேல இருக்கத்தான் வேணும் எண்டில்லை. அம்மா பள்ளிக்கூடம் போகேக்க என்னைப் பாத்தது அம்மம்மா. அவவுக்கும் ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்ல, ஒருத்தரும் கேக்கவும் இல்லை. இப்ப அம்மாவின்ர முறை. இன்னும் முப்பது வருசத்தில ஏணைக் கயிறு என்ர காலில.

"அப்ப வேலையை விடன், காசோ பெரிசு?" எண்டுற ஆக்களுக்கு: வீட்டு லோன் இருக்கு, அது ஒரு பக்கம். லோன் இல்லாட்டியும் போவன். மாதக் கடைசியில ஐந்தொகை சதத்துக்குச் சரிவரேக்க வாற சந்தோசம் எனக்கு வேணும். வீட்டில நிக்க விரும்பி நிக்கிற அம்மாமாரில எனக்கு ஒரு குறையும் இல்லை. நிக்க வேண்டி வந்து நிக்கிறவையைத்தான் சொல்லுறன். இந்த நாட்டில கம்பசுக்குப் போறதில பெட்டையள்தான் கூட. ஆனா தொழில் செய்யிறது, இல்லாட்டித் தொழில் தேடுறது எண்டு பாத்தா, பொம்பிளையளில ஏறத்தாழ மூண்டில ஒரு பங்குதான். மிச்சப் பேர் எங்க போச்சினம் எண்டு ஆராவது கேட்டா, எங்கட ஒழுங்கையில நாலு வீட்டைக் காட்டுவன். ஒரு வீட்டில பொறியியல் படிச்ச பிள்ளை. தாய் இல்லை, மாமியாருக்கு பாரிசவாதம். அவ்வளவுதான் கதை.

இப்ப அக்காவின்ர கதை. அக்கா கனடாவில, ஸ்கார்பரோவில. அங்க தாயும் தகப்பனும் பங்கு போட்டு ஒரு வருசம், வேணுமெண்டா ஒன்றரை வருசமும் நிக்கலாம், சம்பளத்தில ஒரு பங்கு வரும். "உங்கட நாடும் ஒரு நாடோ" எண்டு அக்கா போனில சொல்லுவா. சொல்லிப்போட்டு அம்மாவுக்கு, தாய் தகப்பன் போய்க் கனகாலம் நிக்கிற சுப்பர் விசா எடுத்தவவும் அவதான். முதல் பிள்ளைக்கு அம்மா அங்க போய், ஸ்னோவுக்குள்ள, ஆறு மாதம் பாத்துக் குடுத்திட்டு வந்தவ. லீவு ஒரு வருசம் இருந்தாலும் டே கெயாருக்குக் குடுக்கிற காசு கூடவாம். அங்கயும் கடைசியில அம்மம்மாதான், என்ன, பிளேன் ரிக்கற்றோட. போன கிழமை அக்கா ஒரு நல்ல செய்தி சொன்னா. ரெண்டாவது. மார்கழிக்கு. அடுத்த வசனம்: "அம்மா எப்ப வாறா?" நான் யோசிக்க முன்னம், "மார்கழியில அம்மா ஏலாது, இஞ்ச பிள்ளைக்கு ஒரு வயசும் ஆகேல்ல" எண்டு என்ர வாய் சொல்லிட்டுது. அரை மணித்தியாலம் அக்காவும் நானும் கதைச்சம், கோவிச்சம், திருப்பிச் சமாதானமானம். ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சனாங்கள். அம்மா பக்கத்தில இருந்து பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தவ. போனை வைச்சாப் பிறகு, தலை நிமிராமல், "என்னை ஒருத்தரும் கேக்கேல்ல" எண்டா. கோவமாயும் இல்லை, கவலையாயும் இல்லை. மழை வருது எண்டு சொல்லுற மாதிரி.

அண்டைக்குத்தான் ஒண்டு விளங்கிச்சுது. சந்தையில அந்தக் கேள்வியைக் கேட்டவையில எனக்குக் கொதி வந்தது. ஆனா நானும் அதே ஆள்தான். "அம்மா பாக்கிறா" எண்டு சொல்லிச் சொல்லியே, லீவு காணாது எண்டதையும், தகப்பனுக்கு மூண்டு நாள் எண்டதையும், எங்கட கந்தோரில ஒரு கொண்டி போட்ட அறை இல்லை எண்டதையும் நான்தான் மூடி மறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். ஊரில சபையள் கடைத்தொகுதி கட்டுது, வாகனத் தரிப்பிடம் கட்டுது. கந்தோர்க்காரர் ஸ்கூட்டியை விட இடம் இருக்கு, பிள்ளையை விட இடமில்லை. கட்டச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. எங்கட வீடுகளில அது இலவசமா நடந்துகொண்டிருக்கு.

இவரோட இருந்து கதைச்சன். கிழமையில ரெண்டு நாள் பின்னேரம் அவர் நேரத்தோட வந்து பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறதெண்டு முடிவு. முதல் நாள் பம்பஸைப் பின்பக்கம் முன்பக்கம் மாறிக் கட்டினவர். பரவாயில்லை, பழகுவார். அம்மா அந்த ரெண்டு நாளும் கோயிலுக்குப் போறா. கால் ஏலாமலும் நல்லூருக்கு நடந்துதான் போறா, ஓட்டோ வேண்டாமாம்.

டே கெயாரும் தேடுறன். இதுவரைக்கும் விசாரிச்ச மூண்டு இடத்தில ரெண்டு இடம் இரண்டரை வயசு முடிய வேணும் எண்டுட்டினம். மற்றது நாலரைக்குப் பூட்டுது. நாலரைக்கு நான் கணக்கு முடிக்கிறதே இல்லை. கொக்குவில், திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கத்தில ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையை எடுக்கிற, பின்னேரம் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கிற இடம் தெரிஞ்சா இன்பொக்ஸில சொல்லுங்கோ. எவ்வளவு எடுக்கினம் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. "அம்மா இருக்கிறா தானே, பிறகென்னத்துக்கு" எண்டு மட்டும் கீழ எழுதாதேங்கோ.