பழி சுமந்த சிங்கம்

மறைக்கல்வி வகுப்பில் புனிதர்களின் கதை கேட்டு வளர்ந்தவள் நான். கதையில் காட்டு விலங்கு வந்தால் முடிவு எப்போதும் ஒன்றுதான். புனிதர் சிலுவை அடையாளம் போடுவார், விலங்கு அவர் காலடியில் படுத்துவிடும். புனிதத்துக்கு முன்னால் மிருகமும் பணியும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்போது திரும்பப் படிக்கும்போது, எங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று படுகிறது.

விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமின் அருகில் சிங்கம் படுத்திருக்கும் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது ஜெராசிமுஸின் சிங்கம். யோர்தான் நதி அருகே மடம் அமைத்து வாழ்ந்து, கி.பி. 475இல் மறைந்த துறவி அவர். லத்தீனில் இருவர் பெயரும் ஒலியில் நெருங்கி வந்ததால் ஐரோப்பாவில் சிங்கம் ஜெரோமிடம் போய்விட்டது என்பார்கள். யோவான் மோஸ்கஸ் என்ற துறவி அந்த மடத்திலேயே கதையைக் கேட்டு எழுதி வைத்தார்.

பாதத்தில் நாணல் சிலாம்பு ஏறி, சீழ் பிடித்து வீங்கிப்போய் ஒரு சிங்கம் வருகிறது. பெரியவர் ஜெராசிமுஸ் சிலாம்பை எடுத்துக் கழுவிக் கட்டுப்போடுகிறார். அதன் பிறகு சிங்கம் அவரை விட்டுப் போகவில்லை. மடத்துக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவர ஒரு கழுதை இருந்தது. அது மேயும்போது காவல் சிங்கத்தின் வேலை. ஒருநாள் கழுதை சற்றுத் தள்ளிப் போக, அந்த வழியே வந்த ஒட்டகக்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். சிங்கம் தலையைத் தொங்கப்போட்டுத் தனியாகத் திரும்பியது. நீதான் தின்றுவிட்டாய் என்று பெரியவரே முடிவு கட்டினார். அன்று முதல் கழுதையின் சுமையைச் சிங்கம் சுமந்தது. அதைப் பார்த்து மனம் கேட்காமல், ஒரு போர்வீரன் வேறு கழுதை வாங்கப் பொற்காசு கொடுத்தான். பிறகு ஒருநாள் அதே ஒட்டகக்காரன் எதிர்ப்பட, சிங்கத்தைக் கண்டு அவன் ஓடினான். சிங்கமோ கழுதையின் கயிற்றை வாயில் கவ்வி, ஒட்டகங்களையும் சேர்த்தே மடத்துக்கு இழுத்துவந்தது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். கதையில் தவறு செய்தவர் புனிதர்! சிங்கத்துக்குப் பெயர் வைத்ததும், வீண்பழி போட்டோம் என்று அவருக்குப் புரிந்த பிறகுதான். யோர்தான் என்று வைத்தார். இதை மறைக்காமல் சொன்ன அந்தத் துறவிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சிங்கம் மாமிசம் தின்னும், ஆகவே அதுதான் குற்றவாளி என்று நினைக்கும் மனம் புனிதருக்கும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இத்தாலியில் குப்பியோ ஊரின் ஓநாய்க் கதையும் அப்படித்தான். ஆடுமாடுகளையும் மனிதர்களையும் கொன்று தின்ற ஓநாயை அசிசி பிரான்சிஸ் கண்டித்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பசியால்தான் இத்தனையும் செய்தாய் என்று அவர் சொன்னதையும், இனி இதற்குச் சோறு போடுவது உங்கள் பொறுப்பு என்று ஊராரிடம் வாக்கு வாங்கியதையும் விட்டுவிடுகிறோம். அந்த ஓநாய் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டு வயதாகிச் செத்தது. ஊரே அழுதது. அப்புறம் பிரான்ஸில் புனித கைல்ஸ். வேட்டையில் பெண்மான் மேல் விட்ட அம்பு அவர் உடம்பில் தைத்தது. அங்கே பணிந்த விலங்கு எது? மானுக்கு வர இருந்த காயம் மனிதனுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஜெராசிமுஸ் இறந்தபோது சிங்கம் அங்கே இல்லை. திரும்பி வந்து அவரைத் தேடிக் கதறியது. கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். தலையைத் தரையில் மோதி, உறுமி, அங்கேயே உயிரை விட்டது. இதை எழுதிவிட்டு மோஸ்கஸ் ஒரு விளக்கம் தருகிறார்: சிங்கத்துக்குப் பகுத்தறியும் ஆன்மா இருந்ததால் அல்ல, தம்மை மகிமைப்படுத்தியவரைக் கடவுள் மகிமைப்படுத்தவே இப்படி நடந்தது என்கிறார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்ணீர் சுமந்து, அதற்குப் பிறகும் அந்த மனிதரையே தேடிக் கதறிய ஒரு உயிரைப் பற்றி அவரே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைத்தான் நான் நம்புகிறேன்.