அசிங்க்னு எழுதிட்டா ஆச்சா?

பைத்தான் ஃபங்ஷன் தலையில அசிங்க்னு (காத்திருக்கிற நேரத்துல மத்த வேலைக்கு வழி விடலாம்னு அர்த்தம்) எழுதிட்டு, உள்ள டைம்.ஸ்லீப்(5)னு அஞ்சு செகண்டு தூங்கப் போட்டு வெச்ச மகராசா, யாரு எந்த வரியை எழுதினாங்கன்னு காட்டற கிட்ல உங்க பேரைப் பார்த்துட்டேன். வெளிய சொல்லல. நல்லா இருங்க.

காலையிலேர்ந்து சர்வீஸ் விழுந்து விழுந்து எழுந்துக்குது. மானிட்டர்ல பார்த்தா சிபியு சும்மா கிடக்கு, மெமரி சும்மா கிடக்கு, டேட்டாபேஸ் கொட்டாவி விடுது. பதில் மட்டும் வரல. உடனே கான்ஃபரன்ஸ் கால்ல ஒரு பெரியவர், "சிபியு ஃப்ரீயா இருக்கே, அப்போ நெட்வொர்க்தான்." ஆமாங்கய்யா, நெட்வொர்க்தான். அந்த டீமை எழுப்பி, அவங்க "எங்க பக்கம் இல்ல"ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, அதுல பாதி தெரியலன்னு இன்னொண்ணு கேட்டு... அடுத்து "வொர்க்கரைக் கூட்டுங்க", அதாவது அதே ப்ரோக்ராமை இன்னும் நாலு பிரதி ஓட விடுங்கன்னு. கூட்டினோம். கூட்டின வொர்க்கரும் சேர்ந்து தூங்குச்சு.

விஷயம் இதுதான்: நாங்க தகவல் கேட்கிற வெளியாள் சர்வீஸ் ஒண்ணு, ஒரு ஏபிஐ, தடுமாறுது. தோத்தா அஞ்சு செகண்டு தூங்கி மறுபடி கேளுன்னு நம்ம மகராசா ரீட்ரை எழுதியிருக்காரு. நல்ல எண்ணம்தான்! ஆனா அசிங்க் வேலைகளை மாத்தி மாத்தி ஓட விடற ஈவென்ட் லூப் ஓடறது ஒரே த்ரெட்டுல, ஒரே தடத்துல. அங்க யாரும் யாரையும் பிடிச்சு வெளிய தள்ள மாட்டாங்க; ஒரு டாஸ்க் அவெய்ட்னு எழுதின இடத்துல தானா வழி விட்டாத்தான் அடுத்ததுக்கு இடம். இருக்கிற ஒரே கவுண்டர்ல ஆளு தலை சாய்ச்சா வரிசை மொத்தமும் நிக்க வேண்டியதுதான். அசிங்க்ஐஓ.ஸ்லீப் போட்டிருந்தா "அப்புறம் எழுப்பு"ன்னு சொல்லிட்டு ஒதுங்கியிருக்கும். இது த்ரெட்டையே கட்டிப்பிடிச்சுப் படுத்துக்கிச்சு. நூறு ரிக்வெஸ்ட் இதே வழியா வந்து ஆளுக்கு ஒரு தடவை தோத்தா, ஒண்ணு எழுந்து அடுத்தது படுக்க, 500 செகண்டு. எட்டு நிமிஷத்துக்கு மேல!

உச்சம், சர்வீஸ் உயிரோட இருக்கான்னு அப்பப்போ கேட்டுப் பார்க்கிற ஹெல்த் செக். அதுவும் அதே லூப்புலதான் உட்கார்ந்திருக்கு. பதில் இல்லையா, சரி செத்துட்டான்னு சர்வீஸ் ஓடற பெட்டியை, கன்டெய்னரை, கொன்னு புதுசு கிளப்பறாங்க. புதுசு எழுந்ததும் அதே ஏபிஐயைக் கூப்பிடுது. தோக்குது. தூங்குது. அதையும் கொல்றாங்க.

பைத்தான்ல அசிங்க், அவெய்ட் ரெண்டும் 2015லயே வந்தாச்சு. வழி விடாத பழைய பிளாக்கிங் லைப்ரரியை விட மனசில்லையா, வேலையை வேற த்ரெட்டுக்கு அனுப்பற டு_த்ரெட் பைத்தான் 3.9லேர்ந்து இருக்கு, அதுல தள்ளி விடுங்க. அசிங்க்ஐஓவைத் தப்பு தேடற டீபக் மோடுல போட்டா 100 மில்லிசெகண்டுக்கு மேல லூப்பைப் பிடிச்சு வெச்சவனை லாக்லயே காட்டிக் கொடுக்கும். யாரு போடறா? "கோ மொழியில இந்தத் தொல்லையே இல்ல"ன்னு கிளம்பி வராதீங்க. 2020ல 1.14 வர்ற வரைக்கும் ஃபங்ஷன் கால் இல்லாத ஒரு லூப் அங்கயும், யாருக்கு எப்போ முறைன்னு பார்க்கிற ஷெட்யூலரைக் கட்டிப் போட்டுச்சு.

சாயங்காலம் ஃபிக்ஸ் வந்துச்சு. தலைப்பு 'பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்'. திறந்தா, 5-ஐ 2 ஆக்கியிருக்காங்க. அதுக்கு ரெண்டு பேர் அப்ரூவல். சிரிச்சுட்டேன், வேற என்னத்தைப் பண்ண?

அது கிடக்கட்டும். லாக்ல நேரம் போடறீங்களே, எந்த டைம்ஸோன்னு சேர்த்துப் போட்டா கை உடைஞ்சிடுமா?