என்ட்ரிக் அப்படி என்ன செய்துவிட்டார்?

2025 ஏப்ரல் 23 அன்று ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் நம் ரியல் மாட்ரிட் கெட்டாஃபேயுடன் ஆடிய ஆட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதிகம் விவரிக்கவில்லை. கோல்கீப்பர் டேவிட் சொரியா மட்டும் எதிரே நிற்க, ஓங்கி அடிக்க வேண்டிய பந்தை அவர் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிவிடப் பார்த்தார் நம் பிரேசில் முன்கள வீரர் என்ட்ரிக். பந்து சொரியாவின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆர்தா குலர் அடித்த ஒரே கோலில், லீக் பட்டியலில் பார்சிலோனாவைத் துரத்திக்கொண்டிருந்த நிலையில், நாம் தப்பிப் பிழைத்து வென்ற ஆட்டம் அது.

என் கோபம் அந்தப் பந்தின் மீது இல்லை. பதினெட்டு வயதில் எவரும் அப்படி ஒன்றைச் செய்து பார்க்கத்தான் செய்வார்கள். ஆட்டம் முடிந்ததும், இளைஞர், கற்றுக்கொள்ள வேண்டும், பலமாக அடித்திருக்க வேண்டும், நாடகத்துக்குக் கால்பந்தில் இடமில்லை என்ற பொருளில் பயிற்சியாளர் அன்செலோட்டி பேசினார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடியதுதான். அதற்காக இரண்டு நாள்களாக நம் ரசிகர்கள் அவரை ஏசிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014, 2022, 2024 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை இந்தக் கிளப்புக்கு வென்று தந்தவர், லா லிகாவில் ஒரே ஒரு கோல் அடித்திருக்கும் ஒருவருக்காகத் திட்டு வாங்குகிறார். அந்த ஒரு கோலும் 2024 ஆகஸ்டில், தன் முதல் ஆட்டத்தில், வல்லாடோலிட் அணிக்கு எதிராக அடித்தது.

அப்படியானால் என்ட்ரிக் மீது இந்த அளவு அன்பு எதற்காக என்பதுதான் என் கேள்வி. என்ட்ரிக் திறமையற்றவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இதுவரை செய்ததற்குக் கொடுக்கிறோமா, இனி செய்யப்போவதாக நாமே கற்பனை செய்துகொண்டதற்குக் கொடுக்கிறோமா என்றுதான் கேட்கிறேன்.

உடனே வெம்ப்ளி காணொளியோடு வருவீர்கள் என்று தெரியும். 2024 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக பிரேசிலுக்காக அடித்த கோலை நானும் பார்த்தேன், நல்ல கோல். மூன்று நாள் கழித்து நம் அரங்கமான பெர்னபேவிலேயே ஸ்பெயினுக்கு எதிராகவும் அடித்தார். அதற்கு முந்தைய நவம்பரில் பொடாஃபோகோவிடம் 0-3 என்று பின்தங்கிய அவருடைய பழைய பிரேசில் கிளப் பால்மெய்ராஸ் 4-3 என்று வென்ற இரவில் இரண்டு கோல் அவருடையவை. எதையும் மறுக்கவில்லை. இந்த ஆண்டு கோபா டெல் ரே என்ற ஸ்பெயின் கோப்பைப் போட்டியில் ஐந்து கோல் என்பீர்கள். சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன், ரியல் சோசியதாத் அணியுடனான அரையிறுதியில் இரண்டு ஆட்டத்திலும் அவர் அடித்தவை உண்மையிலேயே அருமையானவை. ஆனால் இவையெல்லாம் ஒரு நல்ல தொடக்கத்துக்கான அடையாளங்கள். நல்ல தொடக்கத்துக்குக் கைதட்டலாம். கோயில் கட்டவேண்டியதில்லை.

2024 ஜூலையில் அவரை அறிமுகப்படுத்திய நாளை நினைத்துப் பாருங்கள். பல்லாயிரம் பேர் பெர்னபேவில் கூடியிருந்தார்கள், பையன் அழுதுவிட்டார். பால்மெய்ராஸில் துப்புரவு வேலை பார்த்த தந்தையின் மகன் அந்த மேடையில் நின்று அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அதே கோடையில் நம் முன்கள வீரர் ஹொசேலு கத்தாரின் அல் கராஃபா கிளப்புக்குப் போனார். அவருக்காக உங்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினீர்கள்? 2022இல் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை ரசிகராக அரங்கில் அமர்ந்து பார்த்தவர் அவர். இரண்டு ஆண்டு கழித்து, ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டம் கைநழுவிப் போன நேரத்தில் களமிறங்கி, அவர்களின் கோல்கீப்பர் நோயர் பிடிக்கத் தவறிய பந்தை 88ஆம் நிமிடத்தில் வலைக்குள் தள்ளினார். மூச்சு வாங்குவதற்குள் நம் தடுப்பாளர் ருடிகர் அனுப்பிய பந்தில் இன்னொன்றும் அடித்தார். அவர் இல்லாவிட்டால் பதினைந்தாவது கோப்பை இல்லை. என் அக்கா மகன் 16ஆம் எண் என்ட்ரிக் ஜெர்சியைக் கழற்றுவதே இல்லை. ஹொசேலுவின் எண் என்ன என்று கேட்டேன், பெயரே அவனுக்குப் பிடிபடவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, நாம் பேசுவதைத்தானே அவன் கேட்டு வளர்கிறான்.

இளைஞர்களை ஊக்குவிக்கக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஊக்கம் வேறு, இது வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடி வளர்ந்தவன் நான். எங்கள் அணியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், நல்ல வேகம். ஓர் அரையிறுதியில் அவன் அடித்த ஒற்றைக் கோலுக்கு ஊரே அவனைத் தோளில் தூக்கிச் சுற்றியது. அடுத்த போட்டியிலிருந்து மைக்கில் வர்ணனை செய்பவர் பந்து அவன் காலுக்கு வருமுன்பே அவன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பின்னால் நான்கு பேர் முட்டி தேய நின்று தடுத்துக்கொண்டிருந்தோம், எங்களில் ஒருவர் பெயரும் அந்த மைக்கில் வந்ததில்லை. மறு ஆண்டு அவனுக்குக் கோல் வரவில்லை. தோளில் தூக்கியவர்களே கூவி விரட்டினார்கள். பிறகு அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தி, ஆழ்கடல் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டான். அவனை அழித்தவர்கள் அவனை வெறுத்தவர்கள் அல்லர்.

ரியல் மாட்ரிட் வேறு, உங்கள் ஊர் செவன்ஸ் வேறு என்று சிரிக்க வேண்டாம். 2020 ஜனவரியில் பிரேசிலின் ஃபிளமெங்கோ கிளப்பிலிருந்து சுமார் 3 கோடி யூரோவுக்கு வந்த ரெய்னியரை நினைவிருக்கிறதா? அவரையும் இப்படித்தான் வருங்காலம் என்று கொண்டாடினோம். டோர்ட்மண்ட், ஜிரோனா, ஃப்ரோசினோனே, கிரனாடா என்று இரவலாகச் சுற்றினாரே தவிர, நம் முதன்மை அணிக்காக ஓர் அதிகாரபூர்வ ஆட்டம் கூட ஆடவில்லை. 2015இல் பதினாறு வயதில் வந்த ஓடேகார்ட் ஆண்டுக்கணக்கில் வெளியே போய் ஆடித்தான் தன்னை மீட்டுக்கொண்டார். சில நாள்களுக்கு முன் நம்மைச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றிய ஆர்சனலின் கேப்டன் அவர்தான்.

ஆஃப்சைடு என்று நினைத்து அப்படி அடித்திருப்பார் என்ற சமாதானத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆட்ட நேரமே கொடுக்காமல் எப்படி நிரூபிப்பார் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் எம்பாப்பே காயத்தில் இருக்க, கெட்டாஃபேயில் அவரைத் தொடக்க அணியிலேயே ஆட வைத்தார் அன்செலோட்டி. அந்த அன்செலோட்டியைத்தான் ஏசுகிறீர்கள்.

உண்மையில் என்னை உறுத்துவது லூகாஸ் வாஸ்கெஸுக்கு நடப்பது. நம் வலப்பக்கத் தடுப்பாளர் கார்வஹால் 2024 அக்டோபரில் முழங்கால் காயமடைந்ததிலிருந்து, விங்கராக, அதாவது ஓரத்தில் ஓடித் தாக்குபவராக வளர்ந்த மனிதர் முப்பத்து மூன்று வயதில் வலப்பக்கத் தடுப்பைச் சுமக்கிறார். ஒவ்வொரு தோல்விக்கும் முதல் குற்றவாளி அவர்தான். ஐந்து சாம்பியன்ஸ் லீக் பதக்கங்கள் வைத்திருப்பவர். 2016 மிலான் இறுதியில் பெனால்டிக்கு முதல் ஆளாகப் போய், பந்தை விரலில் சுழற்றிக்கொண்டே நடந்து, அதை வலைக்குள் போட்டவர். இந்தப் பருவத்தில் டோர்ட்மண்டுக்கு எதிராக 0-2இலிருந்து மீண்டபோது நம்மை முன்னிலைக்குக் கொண்டுவந்த மூன்றாவது கோலும் அவருடையதுதான். என்ட்ரிக் பந்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் குழந்தை, லூகாஸ் ஒரு பந்தைத் தவறவிட்டால் துரோகி. இதில் எங்கே நியாயம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 26 சனிக்கிழமை செவில்லில் பார்சிலோனாவுடன் கோபா இறுதி. என்ட்ரிக் இறங்கி அடித்தால் நானும் எழுந்து நின்று கத்துவேன், அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் வலப்பக்கம் ஒரு பந்து லூகாஸைத் தாண்டிப் போனால், அதற்காக அவரைத் திட்டி என் பதிவின் கீழே யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன்.