ஓநாய் வரட்டும், ஆட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவின் கொலராடோவில் ஓநாயைத் திரும்பக் காட்டில் விடலாமா என்று 2020இல் வாக்கெடுப்பே நடந்தது. ஆதரவு 51 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டது. ஆதரித்தவர்கள் பெரும்பாலும் டென்வர் பக்கத்து நகரவாசிகள். ஓநாய் இறங்கியதோ மலைக்கு மேற்கே, மாடு வளர்ப்பவர்கள் நடுவில். 2023 டிசம்பரில் 10 ஓநாய்களை விட்டார்கள். சில மாதத்திலேயே கன்று போச்சு, ஆடு போச்சு என்று சண்டை.

இதைப் பகிர்ந்துவிட்டு நண்பர்கள் சிலர், "கோடியக்கரையில் வெளிமான் இருக்கிறதே, அங்கேயும் விடலாமே" என்கிறார்கள். வெளிமான் ஓநாய்க்கு இயல்பான இரைதான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 96இல் 31 ஓநாய்களை விட்ட பிறகு எல்க் மான் குறைந்தது. அதற்கு ஓநாய் மட்டும்தான் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும். அந்தப் பூங்காவில் நூறில் ஒரு பங்குகூட வராது நம் கோடியக்கரைக் காடு. அதைத் தாண்டினால் உப்பளம், ஊர், வயல்.

மாசியில் அந்த வயல்களில், ஊர் ஊராக ஆடு மேய்க்கும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போட்டிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் வலை கட்டி ஆட்டை அடைப்பார்கள். பால்குடி மறக்காத குட்டிகள்மேல் மூங்கில் கூட்டைக் கவிழ்த்து மேலே கல்லை ஏற்றுவார்கள். அந்தக் கல் நரிக்காக.

அந்த நரியையே நாம் வாழ விடுவதில்லை. வயலில் எலியும் நண்டும் பிடித்துத் தின்கிற பிராணி அது. அதைத் துரத்திவிட்டு, கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்குக் கூலி கொடுக்கிறோம். நரிக்கொம்பு என்று தாயத்து விற்பவன் ஒருபக்கம் (நரிக்கு ஏதய்யா கொம்பு?), கறிக்குள் நாட்டுவெடி வைப்பவன் இன்னொரு பக்கம். 2021இல் திருச்சி அருகே அப்படி ஒரு நரி செத்து, ஆட்கள் கைதானார்கள்.

ஓநாய்மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் விடச் சொல்பவர் ஒருவர், ஆட்டை இழப்பவர் வேறொருவர் என்றால் அதில் நியாயமில்லை. கொலராடோவில் ஒரு கால்நடைக்கு 15,000 டாலர் வரை ஈடு உண்டு, அப்படியும் கூச்சல் அடங்கவில்லை. நம் கீதாரியோ வெளி மாவட்டத்து ஆள். கிடை போட்ட வயல் வேறொருவர் பட்டா. குட்டி போனால் எந்த வி.ஏ.ஓ. எழுதிக் கொடுப்பார்? ஓநாய் ஆசை உள்ளவர்கள் முதலில் அந்த வழியைக் கண்டுபிடிக்கட்டும். இந்த மாசியிலேயே, நரி தூக்கிய குட்டிக்கு ஒரு வாரத்துக்குள் சந்தை விலை கொடுத்துப் பார்க்கலாமே.