அந்தத் துணி கிளிப் படத்துக்குச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியா சிட்டி ஹாலுக்கு எதிரே நிற்கும் 45 அடி துணி கிளிப் சிற்பம் அது. சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் வடிவமைத்து 1976-இல் நிறுத்தியது. "எங்க வீட்டுக் கொடியில இருபது தொங்குது, வேணுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதில் ஆறேழு பேர் எனக்கு நெருங்கியவர்கள்.

இருபது தொங்குகிறது, சரி. அதில் ஒன்றையாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இருவர் இறுகத் தழுவி நிற்கும், சிற்பி பிராங்குசியின் முத்தச் சிற்பத்தோடு இதை ஒப்பிடுவார்கள். அதுவும் இதே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது என் பள்ளிச் சட்டை. கட்டை இரண்டும் கார்டென் எஃகு, மேலே படியும் துருவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். அந்தத் துரு நிறம்! மழைக்காலத்தில் கிளிப் கம்பி துருப்பிடித்து, சட்டைத் தோள்பட்டையில் காப்பிச் சொட்டு மாதிரி கறை விழும். அம்மா எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தேய்ப்பார். முழுக்கப் போகாது.

"லிமிடெட் எடிஷன் என்பதே காசு பார்க்கும் தந்திரம்" என்று, ஓல்டன்பர்க் எண்ணிக்கை வைத்துப் பிரதி போட்டு விற்றதைச் சொல்லி இன்னொருவர். இதில் பணமே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் இதே ஓல்டன்பர்க்தான் 1961-இல் நியூயார்க்கில் ஒரு கடையைப் பிடித்து, கம்பி வலையில் துணி சுற்றி, பிளாஸ்டர் பூசி, பெயின்ட் அடித்த சட்டையையும் கேக்கையும் விற்றார். 1969-இல் ஏர்ஃப்ளோ என்ற பழைய காரின் உருவத்தைப் பச்சைப் பிளாஸ்டிக்கில் வார்த்து 75 பிரதிகள் போட்டார். நிறம் மாறுகிறது என்று தெரிந்ததும் கொடுத்ததைத் திரும்பப் பெற்று, மறுபடி வார்த்துக் கொடுத்தார்கள். காசுதான் குறி என்றால் எதற்கு அந்தப் பாடு?

"அமெரிக்கா போனா எல்லாம் கலையாத் தெரியும்" என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்." இதுதான் குத்தியது. 1962-இல் ஓல்டன்பர்க் துணிச் சிற்பங்களாகத் தரையில் வைத்தாரே, ஏழடி அகல பர்கர், ஒன்பதடிக்கு மேல் நீளமான கேக் துண்டு, அதையெல்லாம் தைத்தது யார் தெரியுமா? அவருடைய அன்றைய மனைவி பேட்டி முச்சா. தடித்த கேன்வாஸில் வளைவுத் தையல் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். என் அம்மா இருபத்திரண்டு வருஷம் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுத்தார். ஊசி ஏறிய விரலில் நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. கடைப் பலகையில் அவர் பெயர் கிடையாது. முச்சா பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை என்று சண்டைக்கு வந்திருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் அதற்கு வரவில்லை. பார்க்காமலே சிரிக்க வந்தீர்கள்.

அதே படத்தை அம்மாவுக்கும் அனுப்பியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கட்டையெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஸ்பிரிங்கை மட்டும் எவர்சில்வர்ல போட்டிருக்காங்க பாரு. துணியில கறை படாது."